நாரைகள் ஒத்திவைத்த முகூர்த்தம்

புதுக்கோட்டை,
29.1.2025, தை 16, புதன்கிழமை.

சிரஞ்சீவி சரவணக்குமாருக்கு உன் தகப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. பிரகதாம்பாள் கிருபையால் நானும் உன் அம்மாவும் நலம். கத்தாரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம், பொங்கலன்று பேசியவன் பிறகு பேசாததால் நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

தை 13, ஞாயிற்றுக்கிழமை, உனக்குப் பெண் கேட்டு நாரைக்குடிக்குப் போய்வந்தோம். அவ்வூர்க் கண்மாய்தான் பறவைகள் சரணாலயம். சம்பந்தம் பேசப் போனால் ஊர் எல்லையில் வெடி போட்டுத்தான் நுழைய வேண்டும் என்று உன் மாமன் ரெங்கராஜ் ஆயிரம் வாலாச் சரத்தோடு வந்திருந்தார். கண்மாய்க் கரையில் அதை விரித்துத் தீக்குச்சியைக் கிழித்ததுதான் தாமதம், பெண்ணின் அத்தை அழகி குடத்தோடு ஓடிவந்து சரத்தின் மேலும் மாமனின் பட்டு வேட்டியின் மேலும் தண்ணீரைக் கொட்டிவிட்டார். "குஞ்சு பொரிச்சுக் கெடக்குற நேரத்துல பொண்ணு கேக்க வந்தீங்களா, வெடி போட வந்தீங்களா? எங்க ஊர்ல தீவாளிக்கே வெடி கெடையாதுங்க" என்றார். "ஒரு சரத்துக்கா இம்புட்டு?" என்று மாமன் முனக, "நீ பேசாம வேட்டியப் பிழிடா" என்று உன் அம்மா தன் தம்பியை அடக்கினாள். மாப்பிள்ளையும் இப்படித்தான் சத்தமா என்று அழகி கேட்டதற்கு, "அவனா? மாசத்துக்கு ஒரு தடவ வாயத் தொறந்தாலே அதிசயம்ங்க" என்று உன் அம்மா சொன்ன பிறகே குடம் கீழே இறங்கியது, காப்பியும் வந்தது.

பெண் இலக்கியாவே எங்களைக் கரைமேல் அழைத்துப்போய்க் காட்டினாள். கருவேல மரங்கள் முழுதும் நத்தைகுத்தி நாரைகளும் கூடுகளும், தண்ணீரில் முக்குளிப்பான்கள், கரைச்சரிவில் வெயில் காயும் உடும்பு ஒன்று. பை போன்ற அலகில் மீனை அள்ளிய கூழைக்கடாவைப் பார்த்து உன் அம்மா, நீ சோறு உண்ணும் அழகு நினைவுக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் மறுபக்கம் திரும்பிச் சிரித்தாள்.

திருமணம் கண்மாய்க் கரையிலுள்ள அவர்களுடைய ஐயனார் கோவிலில்தான் நடக்க வேண்டுமாம், சித்திரையில் குஞ்சுகள் பறந்துபோகும் வரை அங்கே மேளம், மைக் எதுவும் கிடையாதாம். நீ லீவு வாங்கியிருப்பதோ மாசிக்கு. நான் குறித்த முகூர்த்தமும் மாசி 25. சம்மதமா என்று கேட்டதற்கு இலக்கியா, "மொதல்ல அவுக லீவ மாத்துவாகளான்னு கேளுங்க, அப்புறம் நான் சொல்றேன்" என்றாள். எங்கிருந்தோ வந்து தங்கும் பறவைக்காகத் தன் பண்டிகையை அடக்கிக்கொள்ளும் ஊரில் வளர்ந்த பெண், எங்கோ போய்க் கிடக்கும் உன்னையும் பொறுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே வைகாசி 14, 28.5.2025, புதன்கிழமை என்று, உன்னைக் கேளாமலே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இக்கடிதத்தை உன் தங்கை அருணா படமெடுத்து அனுப்புவாள். கண்டவுடன் உன் மேலாளரிடம் பேசு. வெள்ளிக்கிழமைக்குள் பெண் வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டும். வெயிலில் தண்ணீர் நிறையக் குடி. எல்லா நலமும் பெற்று, குடும்பமும் குழந்தைகளுமாக நீ நிறைந்து வாழ வேண்டும். நான் குறித்த தேதி ஒன்றை என் ஆயுளில் முதன்முறையாக அடித்துவிட்டு வேறொன்றை எழுதியிருக்கிறேன், இதையும் அடிக்க வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
சோலையப்பன்