நாநா போட்ட அறிமுகக் கையெழுத்து

நாநா,

இன்று காலை மழை விட்டதும் கந்தப்பளைக் கடைவீதியில் யாரோ ஈரச் சாக்கை உதறினார்கள். மண்ணும் சணலும் முளைவிட்ட கிழங்கும் கலந்த அந்த வாசனை வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. உங்கள் விதைக்கடைப் பின்னறையின் வாசனை அது. ஊருக்கு நீங்கள் ஹாஜியார், எனக்கு அண்ணன் முறையில் நாநா. நீங்கள் கண்மூடி இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் உங்கள் மகன் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார். ஆனாலும் ஒரு கணம், நீங்கள் உள்ளே குனிந்து விதைக் கிழங்கைப் புரட்டிக்கொண்டிருப்பதாகவே தோன்றியது.

நான் விழுந்த அந்த வருஷத்தை நினைத்தால் பனிமூட்டம்தான் முதலில் வருகிறது. குத்தகைக் காணியில் உருளைக்கிழங்கு போட்டிருந்தேன். விதையும் பசளை உரமும் உங்கள் கடையில் கடன், லொறி வேறொரு கடன். அறுவடை நேரம் பார்த்து வெளிநாட்டுக் கிழங்கு கப்பலில் வந்து இறங்கியது. தோண்டுகிற கூலிக்குக்கூட விலை கிடைக்கவில்லை. லொறி போனது, வீடு போனது. கடைசியில் நுவரெலியாக் கோர்ட்டில் என்னைக் கடனடைக்க வழியற்ற வங்குரோத்தானவன் என்று அறிவித்தார்கள். கடன் கொடுத்தவர்களோடு நீங்களும் நின்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கி வந்தவன், பிறகு உங்கள் கடைப் பக்கமே போகவில்லை.

மனைவியின் அண்ணன் தோட்டத் தொழிலாளர் லயத்தில் தன் வீட்டோடு ஒரு மூலையைக் கொடுத்தார். பல மாதம் கழித்து ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் லொறி ஓட்டும் வேலை அமைந்தது. அங்கிருந்த கிளாக்கர் சொன்னார்: “சம்பளம் பேங்குக்குத்தாங்க போகும். இந்தக் கிழமைக்குள்ள கணக்கு நம்பரக் கொண்டாந்துருங்க. இல்லாட்டி வேற ஆளப் போட்டுருவாங்க.”

என் பழைய கணக்கு முடங்கிக் கிடந்தது. போன வங்கிகளில் கோர்ட் விஷயம் தெரிந்ததும் கையை விரித்தார்கள். ஓரிடத்தில் மட்டும், எங்கள் வாடிக்கையாளர் ஒருவரை அறிமுகத்துக்குக் கூட்டி வாருங்கள் என்றார்கள். எனக்காக யார் வருவார்? நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி அதையே யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் குடையைக் கண்டேன். கண்டதும் ஒரு பஸ்ஸின் பின்னால் மறைந்தேன்.

நீங்கள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். அங்கே நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

“ஏன் தம்பி ஒளியிறீங்க? விதைக் கிழங்குக்குத்தான் இருட்டு வேணும். மனுசனுக்கு என்னத்துக்கு?”

எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிட்டேன். நீங்கள் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்து அந்த வங்கியை நோக்கி நடந்தீர்கள். உங்கள் கணக்கும் அங்கேதான் இருந்தது.

வங்கிக்குள்ளும் பனி வந்திருந்தது. பட்டப்பகலில் விளக்கெல்லாம் எரிந்தது. மேனேஜர் யாழ்ப்பாணத்தவர். கம்பளிச் சட்டைக்குள் கைகளை இழுத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“சாதாரண சேமிப்புக் கணக்கு எண்டால் திறக்கலாம். செக் புத்தகம் தரமாட்டம், கடனும் தரமாட்டம். கணக்குத் திறந்ததைக் கோர்ட்டுக்கும் அறிவிக்கவேணும். ஆனால் ஹாஜியார், இவர் உங்களுக்கே காசு தரவேணுமெல்லோ? நீங்களோ அறிமுகம் செய்யப் போறியள்?”

“ஓ, தரவேணும்தான். நான் இல்லண்டு சொல்லலியே. இவரத் தெரியுமாண்டுதானே கேக்கிறீங்க? இவருக்குக் காசு இருந்த நேரமும் பாத்தேன், இல்லாத நேரமும் பாத்தேன். என்னவிடத் தெரிஞ்ச ஆள் இந்த ஊர்ல ஈக்கா?”

மேனேஜர் சிரித்துவிட்டார். நீங்கள் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி நிதானமாகக் கையெழுத்துப் போட்டீர்கள். கணக்கில் முதலில் போடுவதற்கு உங்கள் கை சட்டைப் பைக்குள் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. “உங்கட காசாவே ஈக்கட்டும்” என்றீர்கள். என் பையில் இருந்த பஸ் காசையெல்லாம் எடுத்து வைத்தேன். அதுவே போதும் என்றார் மேனேஜர்.

வெளியே வந்து, நான் நடந்தே போகிறேன் என்றேன். “எனக்கும் நடக்கணும் போல ஈக்கு” என்றீர்கள். கந்தப்பளை வரைக்கும் அந்த நடையை இன்றும் கனவா நனவா என்று சொல்லத் தெரியவில்லை. பனிக்குள் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் பாத்திகள் தெரிந்தன, மறைந்தன. எங்கோ ஓடை ஓடும் சத்தம் மட்டும் கூடவே வந்தது. எதிரே வந்த ஆட்கள் நிழல்களாக வந்து, எங்களைத் தாண்டியதும் இல்லாமல் போனார்கள். கோர்ட்டைப் பற்றி நீங்களாகவே பேசினீர்கள்.

“எனக்குச் சரக்குக் கடன் குடுத்த கொழும்பு முதலாளிமார் என்ட கழுத்தயும் புடிச்சாங்க தம்பி. அதான் வந்தேன். வந்ததுக்கு வெக்கப்படல்ல. ஆனா நீங்க தலையக் குனிஞ்சிட்டுப் போனீங்க பாருங்க, அதுதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருந்திச்சி.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தேன். கண்ணில் வழிந்ததைப் பனி என்று நீங்கள் நினைத்திருக்கலாம்.

அந்தக் கணக்கில் சம்பளம் விழுந்தது. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் பார்த்துக்கொண்டோம். வருஷங்கள் கழித்துக் கோர்ட் என்னை விடுவித்தபோது, இனி யாருக்கும் எதுவும் கொடுக்கவேண்டியதில்லை என்று சட்டம் சொன்னது. ஆனாலும் நான் கொஞ்சம் கொஞ்சமாக உங்களிடம் கொண்டுவந்தேன். நீங்கள் ஒரு தடவையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, “பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க” என்பீர்கள். வேண்டாம் என்று மறுத்திருந்தால் நான் என்றைக்கும் இரக்கப்பட்டு விடப்பட்டவனாகவே இருந்திருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருந்தது.

இப்போது மறுபடியும் கொஞ்சம் கிழங்கு போடுகிறேன் நாநா. என்னிடம் கடனுக்கு விதை வாங்கிய ஒருவர், பயிர் கருகிப்போனதால், போன மாதம் என்னைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் போனார். குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். நான் அவர் பேரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டேன். அதன் பிறகு பேசியது ஒன்றும் பெரிதில்லை.

அவர் நின்றார், நாநா.