ஒரு நாள் கழித்து வந்து விழுந்த குரல்

நிந்தவூர்
புதன்கிழமை

அன்பு மகள் ஆதிலாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் றிப்தியும் பிள்ளை ஸம்றாவும் அல்லாஹ்வின் காவலில் நல்ல சுகமாக இருக்க வேண்டுமென்று ஐந்து நேரமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை வரவில்லை மகள். போனில் கதைத்தால் வாப்பாவின் காதில் விழும், அதனால்தான் சனிக்கிழமை கட்டாருக்கு வரும் உன் மாமியிடம் இதை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். நீ மட்டும் படி.

போன கிழமை வாப்பாவின் போட் காற்றில் அள்ளுப்பட்டுத் தெற்கே கோமாரி ஊரில் கரை சேர்ந்த கதையை உனக்குச் சொன்னேன், பாதியைத்தான் சொன்னேன். காற்று எழும்பப் போகிறதென்றால் மீனவர் சங்கத்துச் செயலாளர் றஸாக் காக்கா ஒவ்வொரு போட்காரர் வீட்டுக்கும் தனித்தனியாகக் குரல் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார். வாப்பாவிடம் இருப்பது பட்டன் போன், ஆகவே எங்களுக்கு வருவது நீ வாங்கித் தந்த என் போனுக்குத்தான். அன்றைக்கு நான் நெல் அவித்துக்கொண்டு நின்றேன், போன் பக்கத்துக் கதிரையில் கிடந்தது, ஒரு சத்தமும் வரவில்லை. சத்தம் வந்தால்தான் நான் அதைத் தொடுவேன், உனக்குத் தெரியும். பின்னேரம், அஸருக்குப் பிறகு வாப்பா வந்து றஸாக் ஏதும் சொன்னானா என்று கேட்டார், இல்லை என்றேன். கரையில் மற்ற போட்டுகள் கிடந்ததைப் பார்த்தும், முந்தின நாள் மீன் படாததில் எல்லாரும் சோம்பிக் கிடக்கிறார்கள் என்று சிரித்துவிட்டு உன் ஹாதிக் மாமாவையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பொழுதுபட, மஃரிபோடு காற்று பிடித்தது. மறுநாள் பகல் லுஹர் வரை நான் எப்படி இருந்தேன் என்று எழுதமாட்டேன், எழுதினால் திரும்பவும் அப்படி ஆகிவிடுவேன். கோமாரியிலிருந்து யாரோ ஒருவர் கோல் எடுத்து இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகு, உனக்குச் சொல்வோம் என்று வாட்ஸ்அப்பைத் திறந்தேன். திறந்த பிறகுதான் றஸாக் காக்காவின் குரல் வந்து விழுந்தது. அனுப்பிய நேரம் முந்தின நாள் பகல் பன்னிரண்டு இருபது. "தங்கச்சி, பின்னேரம் காத்து எழும்புமாம். உங்கட மனிசன் கச்சிமுகம்மதுக்கிட்டச் சொல்லுங்க, இண்டைக்கிக் கடலுக்குப் போக வேணாம்." இரண்டு தரம் கேட்டேன். பிறகு அழித்துவிட்டேன். ஏன் அழித்தீர்கள் என்று கேட்காதே மகள். பயம். வீட்டுக்குள் போனை வைத்துக்கொண்டே புருசனையும் கூடப்பிறந்தவனையும் காற்றுக்குள் அனுப்பியவள் என்று ஊர் சொல்லுமே என்ற பயம்.

வாப்பா வந்து சேர்ந்தார், வலையும் எஞ்சினும் போய், மாமாவின் கை முறிந்து. வந்ததும் என் போனை வாங்கிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. எல்லா வீட்டுக்கும் வந்தது எங்களுக்கு மட்டும் வரவில்லையென்றால், போட் இழுத்து வைக்கிற இடத்துக்காக நோன்பு நேரம் தன்னோடு பட்ட சண்டையை மனதில் வைத்துத்தான் றஸாக் அனுப்பாமல் விட்டிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். றஸாக் காக்கா அனுப்பினேன் என்கிறார், ஆனால் காட்ட வழியில்லை, போன் நிறைந்து நிற்பதால் அனுப்பியதை அன்றன்றைக்கே அழித்துவிடுகிற மனிதர். இப்போது தேத்தண்ணிக் கடையில் அவருடைய சலாமுக்குச் சிலர் பதில் சொல்வதில்லையாம். அவரும் மனம் விட்டுப்போய் யாருக்கும் ஒன்றும் அனுப்புவதில்லை. இது மாரி காலம், வானம் கறுத்தாலே வாசலுக்கு வந்து கடல் பக்கம் பார்க்கிறேன், யார் வீட்டு மனிசன் கடலில் நிற்கிறானோ என்று. இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளியில் இரண்டு பேரையும் விசாரிக்கப் போகிறார்கள். என் வீட்டுக்குத் தகவல் வரவில்லை என்று வாப்பா அல்லாஹ்வின் மேல் சத்தியம் பண்ணப் போகிறார், பள்ளிக்குள் நின்று, எல்லாருக்கும் முன்னால். சும்மா கதைக்குக்கூடப் பொய் சொல்லாத மனிதர் அவர். அந்த வாயால் பொய்ச் சத்தியம் வரப்போகிறது, அதைச் சொல்ல வைப்பது நான்.

நேற்று கல்முனைக்குப் பஸ் ஏறி, போன் கடையில் நிற்கும் நிரோசன் தம்பியிடம், விசயத்தைச் சொல்லாமல், செய்தி ஏன் திறந்த பிறகு வருகிறது என்று மட்டும் கேட்டேன். போனின் மேல் ஓரத்தில் சின்ன வட்டத்துக்குள் ஒரு கூட்டல் அடையாளத்தைக் காட்டினார், டேட்டா மிச்சம் பிடிக்கிற செட்டிங்காம். அது போட்டிருந்தால் நாம் திறக்கிற வரைக்கும் சில செய்திகள் உள்ளே வராமல் நிற்குமாம். வாட்ஸ்அப்பை மட்டும் அதிலிருந்து விலக்கி விட ஒரு இடம் இருக்கிறது, அதை அமத்தித் தந்தார். நீ லீவில் வந்தபோது போட்டுத் தந்தது அது, வெள்ளிக்கிழமை வீடியோவில் ஸம்றாவைப் பார்க்க டேட்டா மிஞ்ச வேண்டும் என்று. உன்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, நல்லதுக்குத்தான் செய்தாய், பிள்ளை முதல் அடி வைத்ததை நான் கண்டதும் அதனால்தான். குரலை அழிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இதுவரை எழுதி மடித்து வைத்தேன். அஸர் தொழுதுவிட்டுப் பாயிலிருந்து எழும்ப முடியவில்லை. எழும்பி நேரே போய் வாப்பாவிடம் சொல்லிவிட்டேன், வந்தது, கேட்டேன், அழித்தேன் என்று. அடிப்பார் என்றுகூட நினைத்தேன், முப்பது வருசத்தில் ஒருநாளும் கை நீட்டாதவரை அப்படி நினைத்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. றஸாக்கின் குரல்தானா என்று மட்டும் கேட்டார், ஓம் என்றேன். பிறகு, "அந்தச் சேட்ட எடு புள்ள. வெள்ளிக்கிழம வரைக்கும் என்னத்துக்குப் பொறுக்கணும்?" என்றார். கொடியில் கிடந்த சேட்டை எடுத்துக் கொடுத்தேன், மாட்டிக்கொண்டு றஸாக் காக்கா வீட்டுப் பக்கம் போய்விட்டார்.

நீயும் உன் போனில் அந்த டேட்டா செட்டிங்கைப் போட்டிருந்தால் வாட்ஸ்அப்பை அதிலிருந்து விலக்கி வை. அவசரமென்றால் சாதாரண கோல் எடு, காசு போனால் போகட்டும். ஸம்றாவுக்குச் சளி என்றாய், ஏசியைக் குறைத்து வை. அல்லாஹ் உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளையும் பறக்கத்தையும் தரட்டும், எனக்கும் துஆச் செய். ஜன்னலால் தெரிகிறது, வாப்பா றஸாக் காக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறார். வாப்பா தன் பங்கைச் சொல்லியிருப்பார், என் பங்கை நான்தான் சொல்ல வேண்டும். கதவைத் திறக்கப் போகிறேன்.

உன் உம்மா,
சுபைறா