வேலை நிற்கும் இடம்

இன்று காலை புளியங்குடி அண்ணாச்சி பஸ்ஸில் ஒரு பை எலுமிச்சை கொடுத்துவிட்டிருந்தார். அலுவலகக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை உன் நாற்காலிப் பக்கத்திலிருந்து வந்தது. பையை அங்கே வைத்தது யாரென்று நான் கேட்கவில்லை. இப்போதும் எல்லாரும் சாமான்களை உன் மேசைமேல்தான் வைக்கிறார்கள்.

அந்த அண்ணாச்சியின் எலுமிச்சை மண்டியில்தான் நம் மென்பொருளை முதன்முதலாகத் திறந்து காட்டினோம். ஒரு தொழிலில் வேலை எந்த வழியாகப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று படமாகக் காட்டும் மென்பொருள். எனக்குத் தெரிந்த கணக்கீடுகளையெல்லாம் நான் முதல் திரையிலேயே கொட்டி வைத்திருந்தேன். அவர் கைகளை மடியில் வைத்தபடி வெகுநேரம் பார்த்தார். பிறகு நமக்குக் காபி சொல்லிவிட்டு ஏலத்துக்குப் போய்விட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நமக்குள் சண்டை. சுருக்கிக் காட்டினால் அது பொய்யாகிவிடும் என்றேன் நான். லாரி தாமதம் என்று மட்டும் சொன்னால், சாக்கு வராததாலா, தரம் பிரிக்க ஆள் இல்லாததாலா என்பது எப்படித் தெரியும்? நீ ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாய்: "எதையும் எடுக்க வேண்டாம்ட்டி. எல்லாத்தையும் வாசல்லயே பரப்பி வச்சா, யாரு உள்ள வருவா?"

சங்கரன்கோவில் வந்து சேர்வதற்குள் முடிவாகிவிட்டது. முதல் திரையில் வேலை போகும் பாதை மட்டும். தேங்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அதைத் தொட்டால் காரணம். காரணத்தையும் தொட்டால் என் கணக்கீடுகள் முழுவதும். திரையைப் படிக்கச் சலிப்பவர்களுக்காக, சிவப்பு விழும்போதெல்லாம் ஒலிக்கும்படி நீயே குரல் கொடுத்தாய். மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்வை வழிய வழிய, நிதானமாக: "இங்கன வேலை நிக்குது. ஏன்னு பாக்கணும்னா தொடுங்க."

ஒன்றுக்கு மட்டும் நீ கடைசிவரை சம்மதிக்கவில்லை. தேங்கும் இடத்தில் வேலை பார்ப்பவரின் பெயரையும் காட்டலாம் என்று நான் கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டினாய். "எடத்தைக் காட்டு, ஆளைக் காட்டாத. பேரு தெரிஞ்சிட்டுன்னா அதுக்கு மேல ஒருத்தரும் உள்ள போய்ப் பாக்க மாட்டாவ."

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உன்னைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நீ திரும்பி வரவில்லை. உன் குரல் மட்டும் ஊருக்குள் பேசிக்கொண்டே இருந்தது. நம் மென்பொருள் ஓடும் கடை ஒன்றைக் கடக்கும்போது உள்ளேயிருந்து கேட்கும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல் நின்றுகொண்டிருப்பேன்.

சித்திரையில் விசைத்தறிக்கூட முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். உன் கணவர் சேலைகளில் பிழை பார்க்கும் அதே கூடம்தான். ஒவ்வொரு சேலையையும் பார்த்து முடித்ததும், மேசையிலிருக்கும் சின்னத் திரையைத் தொட்டு அடுத்த இடத்துக்கு அனுப்ப வேண்டும். பலர் மாறி மாறி நிற்கும் அந்த மேசையில் தினமும் சிவப்பு விழுகிறது என்றார் முதலாளி. மற்ற மென்பொருள்களில் ஆள் பெயர் முதலிலேயே வருகிறதாம். "நான் எதுக்கும்மா தொட்டுத் தொட்டு உள்ள போகணும்? பாத்த ஒடனே பேரு தெரியணும்."

மறுநாள் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உட்கார்ந்து கடைசி அடுக்குவரை போய்ப் பார்த்தேன். காலையிலும் மாலையிலும் அந்த மேசையில் வேலை தண்ணீர் மாதிரி ஓடுகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறிகள் நின்ற பிறகு மட்டும், ஒரே ஒரு சேலை அங்கே தங்குகிறது. சிவப்பு விழும்வரை நகர்வதில்லை, விழுந்ததும் போய்விடுகிறது. தினமும் இப்படியே. என் கணக்கில்தான் பிழை என்று நினைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பிழை இல்லை. அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் மத்தியானம் கூடத்துக்குப் போனேன். தறிச் சத்தம் ஓய்ந்து, எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் மட்டும் மடித்த சேலையின்மேல் கையை வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். சிவப்பு விழுந்தது. "இங்கன வேலை நிக்குது" என்றாய் நீ. அவர் மெதுவாகத் தலையசைத்து, திரையைத் தொட்டுச் சேலையை அனுப்பினார்.

திரும்பியவர் என்னைக் கண்டு பதறவில்லை. அந்தக் குரலை உங்கள் போனில் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"போன்லயும் இருக்கும்மா. அதுல அவ எல்லாருக்கும் சொல்லுதா. இங்கன எனக்குச் சொல்லுதா."

முதலாளியிடம் உள்திரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். தறி நிற்கும் நேரத்தில்தான் அந்தச் சேலை தங்குகிறது, அதனால் எந்தச் சேலைக் கட்டும் தாமதமாகவில்லை என்று விளக்கினேன். ஏன் தங்குகிறது என்று சொல்லவில்லை. பெயர் காட்டும் வசதியைச் செய்து தர முடியாது என்பதை மட்டும் சொன்னேன். முகத்தைச் சுளித்தார். கட்டு நேரத்துக்குப் போனால் சரிதான் என்று எழுந்துகொண்டார்.

இப்போது புதிய பதிப்பு தயாராகிறது. வேண்டிய வசதிகள் பெருகிவிட்டன. உள்ளே அடுக்குமேல் அடுக்கு. முதல் திரை மட்டும் நாம் பஸ்ஸில் பேசிக்கொண்டபடியே இருக்கிறது. குரலையும் மாற்றிவிடலாம், தெளிவான எந்திரக் குரல்கள் நிறைய இருக்கின்றன என்று அலுவலகத்தில் நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறேன். ஆள் பெயரைக் காட்டச் சொல்லி வருகிறவர்களுக்கு உன் பதிலையே சொல்கிறேன், உன் பேச்சு வாடையோடு.

சிவப்புப் புள்ளி சரியாக விழுகிறதா என்று பார்க்க, நானே எங்காவது ஒரு வேலையை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை சோதித்தால் போதும். நான் தினமும் சோதிக்கிறேன். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, நீ சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.