இரண்டு தொப்பி

ஜூன் 3

அன்புள்ள பண்டிதைக்கு,

புத்தகம் கைக்கு வந்தது. அட்டையில் உன் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. விடுதியில் என் சோப்பைத் திருடிக் குளித்தவளா இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாள் என்று இவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஒருமை பன்மையை வைத்து முந்நூறு பக்கம் எழுத உன்னால்தான் முடியும். பழைய ஜெர்மானிய மொழிகளில் 'நாம் இருவர்' என்பதற்கே தனிச் சொல் இருந்ததாமே, அந்த இடம் பிடித்தது.

மகள் இந்த வருஷம் மொழியியலில்தான் சேர்ந்திருக்கிறாள். சித்தி எழுதிய புத்தகம் என்று வகுப்பு முழுக்கத் தம்பட்டம்.

உன்,
வாயாடி

ஜூன் 11

என் வாயாடிக்கு,

நீ சிரித்தது இங்கே வரை கேட்டது. ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்துவிட்டாயா? ஃபின்னிஷ், எஸ்டோனிய மொழிகளில் 'இரண்டு' என்று சொன்ன பிறகு பொருளை ஒருமையிலேயே விட்டுவிடுவார்கள், நாம் 'ரெண்டு தொப்பி' என்பதுபோல. பக்கத்து ஜெர்மானிய மொழிகளிடமிருந்து எத்தனையோ சொற்களை வாங்கியும் இந்தப் பழக்கத்தை மட்டும் அவை விடவில்லை.

எடுத்துக்காட்டுகளை நான் இட்டுக்கட்டுவதில்லை, உனக்குத்தான் தெரியுமே. காதில் விழுந்ததைத்தான் போடுவேன். உன் குரலும் அங்கே இருக்கிறது. கண்டுபிடி பார்க்கலாம்.

உன்,
பண்டிதை

ஜூன் 19

பண்டிதைக்கு,

நான் கண்டுபிடிக்கவில்லை. மகள் கண்டுபிடித்தாள்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். "ரெண்டு தொப்பி பின்னி வெச்சேன். ஒரு தொப்பியைப் போட்டுட்டாங்க. இன்னொரு புள்ளைக்குத் தலை சில்லுனு இருக்கு." படித்துவிட்டு நிறுத்தினாள். "அம்மா, என் மஞ்சத் தொப்பியோட இன்னொண்ணும் பீரோவுல இருக்கே. சும்மா பின்னினதுன்னு சொன்னியே?"

அவளோடு இரட்டையாகப் பிறந்தவள் ஒரு பொழுதுகூட உயிரோடு இருக்கவில்லை என்பது எனக்கும் இவருக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் உன் தோளில் சாய்ந்து நான் பிதற்றியபோது நீ இலக்கணமா கேட்டுக்கொண்டிருந்தாய்? "இத்தனை வருஷம் மறைச்சியா?" என்று அவள் என்னைத்தான் கேட்டாள், உன்னை அல்ல. உன்னை நம்பித்தானே சொன்னேன், நீயே முதுகில் குத்திவிட்டாய்.

வாயாடி

ஜூன் 27

என் வாயாடிக்கு,

பெயர் போடவில்லையே என்றுதான் நினைத்தேன். எழுதும்போது அவள் கண்ணில் படும் என்று தோன்றவேயில்லை. அந்த வார்த்தைகள் அன்றிலிருந்து என் காதை விட்டுப் போகவில்லை, எங்காவது இறக்கி வைத்தால் போதும் என்று இருந்தது. அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன். ஆனாலும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை, அந்த இடத்துக்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அவளிடம் நானே பேசட்டுமா? திட்டு, வாய்க்கு வந்தபடி திட்டு. பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
பண்டிதை

ஜூலை 4

நீ பேச வேண்டாம். எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாள். பிறகு எழுந்து வந்து, என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "அவளுக்குப் பேர் வெச்சியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இருவரும் யோசித்து, சண்டை போட்டு, ஒரு பெயர் வைத்தோம்.

அது என்ன பெயர் என்று உன்னிடம் சொல்லமாட்டேன்.