மருந்து பிடித்த இருமல்

கார்த்திகை 3, புதன்
காலையிலிருந்து தூறல். இரண்டாம் கொட்டகைக் குஞ்சுகளுக்குத் தண்ணீரில் தடுப்பு மருந்து விட்டாயிற்று. வீட்டுக்காரி செல்விக்குச் சேலத்தில் நாலாவது ஊசி போட்டு ஒன்பது நாள். நுரையீரல் கட்டி நன்றாகச் சுருங்கியிருக்கிறது. டாக்டரம்மா படம் காட்டிச் சொன்னார். உடம்பின் காவல் அணுக்களுக்குப் புற்று பிரேக் போட்டு வைத்திருக்குமாம். ஊசி அந்த பிரேக்கை எடுத்துவிடும். பிறகு அணுக்களே கட்டியைத் தின்றுவிடும்.
வாங்க: கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம், கிளிஞ்சல்; செ.க்குக் கம்பளிச் சாக்ஸ்.

கார்த்திகை 5, வெள்ளி
வெயில். குஞ்சுகள் தும்முகின்றன. நல்லது, மருந்து பிடித்துவிட்டது. தும்மாத கொட்டகையைக் கண்டால்தான் எனக்கு பயம்.
செல்விக்கும் வறட்டு இருமல்.
"ஏனுங்க, டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போடலாமுங்களா?"
"அட, மருந்து புடிச்சிருக்குது புள்ள. குஞ்சு தும்முதுல்ல, அதாட்டந்தான்."
"என்னையுங் கோழியாக்கிப் போட்டீங்க." சிரித்தாள்.
எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

கார்த்திகை 8, திங்கள்
குஞ்சுகளுக்குத் தும்மல் நின்றது. செ.க்கு நிற்கவில்லை. வாசலிலிருந்து கொட்டகை வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். கடையில் இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

கார்த்திகை 9, செவ்வாய்
காலையில் அவள் உதடு நீலம். கார் பிடித்துச் சேலம். ஆக்சிஜன்.
"எப்ப இருந்து இருமல்?" டாக்டரம்மா.
"நாலு நாளாச்சுங்க."
"இருமுனா அன்னைக்கே கூப்பிடச் சொல்லி மஞ்சள் அட்டை குடுத்தமே?"
அட்டை கொட்டகையில். தடுப்பு மருந்து அட்டவணைக்குப் பக்கத்து ஆணியில். நான் மாட்டியதுதான்.
பிரேக் போன அணுக்கள் கட்டியோடு நிற்கவில்லை, நல்ல நுரையீரலிலும் கை வைத்துவிட்டன. உடனே வந்திருந்தால் மாத்திரையில் அடக்கிவிட்டு ஊசியைத் தொடர்ந்திருக்கலாமாம். இனி அந்த ஊசியே கிடையாது. அணுக்களை அடக்க ஸ்டீராய்டு ஏறுகிறது. கட்டிக்கு என்ன வழி என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றார். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கார்த்திகை 12, வெள்ளி
மூச்சு கொஞ்சம் தேவலை. தம்பி போன். மூன்றாம் கொட்டகைக்கு மருந்து விடலாமா? விடு என்றேன்.
மா. 4 மணி. செல்வி மூக்குக் குழாயைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.
"ஏனுங்க, அஞ்சாவது ஊசி எப்பங்க? மருந்துதான் புடிச்சுக்கிச்சுன்னு சொன்னீங்கல்ல. இன்னொண்ணு போட்டாச் செரியாப் போயிருமுங்க."
டீ வாங்கிட்டு வாரேன் என்று வெளியே வந்தேன். அரை மணி நேரமாக ஆஸ்பத்திரிப் படியில். டீ இன்னும் வாங்கவில்லை.