மழைமானியில் நான் ஊற்றிய பதினொரு மில்லிமீட்டர்

மே 6, செவ்வாய்

புல் வந்து இறங்கியது. பாய் மாதிரி சுருட்டி, நாற்பது சுருள். விரித்து முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. தானியக் கிடங்கில் முப்பத்தைந்து வருடம் கோதுமை தள்ளியவனுக்கு இந்த அறுபத்தேழு வயதில் புல்தரை எதற்கு? எல்லாம் பக்கத்து வீட்டு வெர்னா ஃப்ரீசனால் வந்தது. போன இலையுதிர் காலத்தில் வேலிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "ஓரெஸ்ட், உங்க தோட்டம் மாட்டுச் சந்தை கலைஞ்ச மறுநாள் மாதிரி இருக்கு" என்றாள். குளிர்காலம் முழுக்க அது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

இனி சொல்லட்டும்.

மே 8, வியாழன்

நகராட்சி அறிவிப்பு. ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டதாம். புல்லுக்குத் தண்ணீர் விடத் தடை. ஏழு நாளில் மொத்தம் பத்து மில்லிமீட்டர் மழை பதிவானால்தான் தடை நீங்கும்.

எங்கே பதிவாக வேண்டும்? வெர்னாவின் தோட்டத்தில். கார்வில் நகரத்தின் அதிகாரபூர்வமான மழை என்பது அவள் வீட்டுக் கம்பத்தில் நிற்கும் மழைமானிக்குள் விழும் மழைதான். தபால் நிலையத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே, இருபத்திரண்டு வருடமாக, தினமும் காலை ஏழு மணிக்கு அளந்து வானிலை அலுவலகத்துக்கு அனுப்புகிறாள். சம்பளம் கிடையாது. நகரம் முழுக்கப் பெருவெள்ளம் வந்தாலும் அந்தக் குழாய்க்குள் விழாவிட்டால் கணக்கில்லை.

மே 10, சனி

தோட்டத்துத் தண்ணீர்க் குழாயைக் கொஞ்சமே கொஞ்சம் திறந்தேன். இருபது நிமிடத்தில் நகராட்சி ஆள் எச்சரிக்கைச் சீட்டோடு வாசலில் நிற்கிறான். யார் சொன்னது என்று கேட்டேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "நான்தான் சொன்னேன். ஊரே காயுது, உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

நேருக்கு நேர் சொல்கிறாள். ஒளிந்துகொண்டு சொல்லியிருந்தாலாவது கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

மே 12

புல் மஞ்சள்.

மே 14, புதன்

செய்துவிட்டேன்.

காலை ஐந்தரை. இந்த மாதத்தில் அதற்குள் நன்றாக விடிந்துவிடுகிறது. வேலியில் ஒரு பலகை ஆடும், அதை ஒதுக்கினால் மழைமானி வரை கை போகும். பத்து மில்லி தண்ணீர் ஊற்றினால் ஒரு மில்லிமீட்டர் மழை — இணையத்தில் பார்த்தேன். இருமல் மருந்து மூடி சரியாகப் பத்து மில்லி பிடிக்கும். இரண்டு மூடி ஊற்றினேன். இரண்டு மில்லிமீட்டர்.

ஏழு மணிக்குச் சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெர்னா வந்தாள். குழாயைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். துலிப் இலையைத் தடவிப் பார்த்தாள். மறுபடி குழாயைப் பார்த்தாள். ஆனால் எழுதிக்கொண்டாள். கருவி சொன்னதை எழுதுகிறவள் அவள், தன் எண்ணத்தை எழுதமாட்டாள்.

சிரிப்பை அடக்க ரொட்டியை வாயில் திணித்துக்கொண்டேன்.

மே 16, வெள்ளி

நான்கு மூடி. நான்கு மில்லிமீட்டர்.

காபிக் கடையில் இதே பேச்சு. எங்கள் தெருவில் மட்டும் மழை பெய்கிறதாம். இந்தச் சமவெளியில் அது நடக்காததில்லை, சாலையின் ஒரு பக்கம் நனைந்து மறுபக்கம் காய்ந்து கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். எல்மர், கிடங்கில் என்னோடு வேலை பார்த்தவன், சத்தியம் செய்கிறான்: "கூரையில சடசடன்னு விழுந்துச்சுய்யா. பொண்டாட்டிய எழுப்பிச் சொன்னேன், அவதான் நம்பல." எல்மரின் வீடு என் வீட்டிலிருந்து மூன்றாவது. நான் தலையாட்டினேன். "நானும் கேட்டேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

வெர்னா குனிந்து அளக்கும்போது பச்சை மேலங்கியின் காலரை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு கண்ணை மூடி. இதை ஏன் எழுதுகிறேன்? தடயம் விடாமல் இருக்க எதிரியைக் கவனிக்க வேண்டும், அதற்காக.

மே 19, திங்கள்

விடுமுறை நாள். ஊர் தூங்குகிறது. ஐந்து மூடி.

மொத்தம் பதினொன்று.

மே 20, செவ்வாய்

தடை நீங்கியது! தெரு முழுக்கக் குழாய்கள் சீறுகின்றன. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் புல்லைக் குளிப்பாட்டினேன். இந்த ஊருக்கு நான் செய்திருக்கும் தொண்டு யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

மே 22, வியாழன்

வெர்னா வேலியருகே வந்தாள். கையில் பழைய கணக்குப் புத்தகம், 1909இலிருந்து இந்த ஊரின் ஒவ்வொரு நாள் வானிலையும் அதில் இருக்கிறது. வாக்குவாதத்துக்குத் தயாராக எழுந்தேன். அவள் புல்லைப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றாள். அதற்கு நான் தயாராக இல்லை.

பிறகு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். மே மாதத்தில் அதிக வெப்பம், 1936. கடைசிப் பனி, 1947. மிக வறண்ட மே, 1958 — மொத்தமே 4.1 மில்லிமீட்டர்.

"எல்லாச் சாதனையும் செத்துப் போனவங்க அளந்தது" என்றாள். "இந்த மே மூணாம் தேதி 2.4 பெஞ்சது, அதோட நின்னுச்சு. இந்தத் தடவை என் கையெழுத்துல ஒண்ணு வரும்னு நெனச்சேன். இருபத்திரண்டு வருஷமா காத்திருந்தேன். இந்த ஒரு வாரத்துல எங்கிருந்தோ பதினொண்ணு வந்து கெடுத்துடுச்சு."

"மழை நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுதான்" என்று சொல்லி, புத்தகத்தை மூடிக்கொண்டு போனாள்.

மே 23

உருளைக்கிழங்கு அடைத்த பைரோகிக் கொழுக்கட்டை எட்டு வேகவைத்தேன். இரண்டுதான் இறங்கியது.

மே 24, சனி

இன்னும் மோசம். வானிலை அலுவலகத்திலிருந்து கில் என்ற பெண் வெர்னாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். அந்த மூன்று நாளும் ராடாரில் மேகமே இல்லையாம். கருவி கெட்டுவிட்டதா, அளப்பதில் பிழையா, இந்த நிலையத்தை நிறுத்திவிடலாமா.

வெர்னா இதை என்னிடம் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. "கண்ணு சரியாத் தெரியலையோன்னு எனக்கே சந்தேகமா இருக்கு, ஓரெஸ்ட்" என்றாள்.

டேய் ஓரெஸ்ட், என்னடா பண்ணி வெச்சிருக்க? ஒரு புல்லுக்காகவா?

மே 25, ஞாயிறு

தோட்டத்து ருபார்ப் தண்டு வைத்து இனிப்புப் பலகாரம் சுட்டேன். ஓரம் கருகிவிட்டது. அவள் தேவாலயத்திலிருந்து திரும்பும் நேரம் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

"என்ன விசேஷம்?"

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. அந்த மழை நான் ஊத்தினது."

பலகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எதால ஊத்துனீங்க?"

"இருமல் மருந்து மூடியால."

இதை எதிர்பார்க்கவில்லை — அவள் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் செத்தே போனேன். திரும்பியபோது முகம் சிவந்து, சிரிப்பு. ஆனால் கொஞ்ச நேரந்தான்.

"துலிப் இலை காஞ்சிருந்துச்சு. அப்பவே எனக்குள்ள ஏதோ இடிச்சுது. என் மனசு சொன்னதை நானே நம்பல, பாருங்க. அதுதான் கோபம்." பிறகு, "பலகாரத்தை வெச்சுட்டுப் போங்க. தட்டை நாளைக்குத் தர்றேன்" என்றாள்.

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்ளலாமா?

மே 27, செவ்வாய்

நகராட்சிக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். தடை திரும்ப வந்தது. அபராதம் கட்டினேன். காபிக் கடையில் என் பெயர் இப்போது மழைராஜா. எல்மர் மட்டும் அசையவில்லை. "இவன் ஊத்துனது ஊத்துனதுதான். ஆனா நான் கேட்டது நிஜ மழை."

கில்லோடு நானே பேசினேன். நல்ல பெண், ஆனால் கறார். வாய்ச்சொல் போதாதாம். எந்தத் தேதியில் எவ்வளவு ஊற்றினேன் என்று அந்தந்த நாளிலேயே எழுதி வைத்த சான்று இருந்தால் திருத்தலாம். இல்லையென்றால் பதிவேட்டில் அந்த நாட்கள் வெற்றிடம். வெற்றிடம் இருந்தால் அந்த மாதத்துக்குச் சாதனை கிடையாது.

"அப்படி எழுதுறவங்க யார் இருக்காங்க, சார்?" என்றாள்.

நான் மேசை மேல் கிடந்த இந்த நோட்டைப் பார்த்தேன்.

மே 28, புதன்

நூலகத்தில் நகல் எடுத்தேன். பதினாறாம் தேதிப் பக்கத்தில் கடைசிப் பத்தியை மட்டும் காகிதம் வைத்து மறைத்துப் பார்த்தேன். நூலகப் பெண் எட்டிப் பார்த்து, "சான்றுன்னா முழுசா இருக்கணும்ல?" என்றாள். இந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

நிலையப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்ப வேண்டுமாம். அதாவது வெர்னா முதலில் படிக்க வேண்டும். உறையை அவள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஓடினேன் என்றால், இடுப்பு அனுமதித்த வரை.

மே 31

மழை இல்லை. மாதம் முடிந்தது.

ஜூன் 4, புதன்

கார்வில், மே மாதம்: 2.4 மில்லிமீட்டர். 1909இலிருந்து மிக வறண்ட மே. அளந்தவர்: வி. ஃப்ரீசன். ஏற்றுக்கொண்டார்கள். என்னிடம் காட்ட வேலி வரை வந்தாள். தன் பெயர் இருந்த வரியில் விரலை வைத்து இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

அலுவலகத்துக்கு ஒரு படி அனுப்பிவிட்டு, என் நகலைத் திருப்பிக் கொடுத்தாள். பென்சிலால் என் எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருக்கிறாள், தபால்காரப் புத்தி. பதினாறாம் தேதியில் "எதிரி" என்ற சொல்லை மட்டும் ஒரே கோடாக அடித்திருக்கிறாள். மேலே வேறொன்றும் எழுதவில்லை.

ஜூன் 12, வியாழன்

வெர்னா பத்து நாளைக்கு மனிடோபாவில் தங்கை வீட்டில். போவதற்கு முன் வானிலை அலுவலகத்துக்கு எழுதி என்னை மாற்று அளவாளராகப் போட்டுவிட்டாள். கில் இரண்டு முறை கேட்டாளாம், "அதே ஆளா?" என்று.

சரியாக ஏழு மணிக்கு வாசல் வழியாகவே போய்க் குனிந்து பார்த்தேன். ஏழு ஐந்துக்கு மனிடோபாவிலிருந்து தொலைபேசி.

"எவ்வளவு?"

"பூஜ்யம்."

"நிஜமா?"

"துலிப் இலையையும் தடவிப் பார்த்துட்டேன்."

மழையைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. தொலைபேசியை வைத்தபோது மணி எட்டே கால்.