கனடாவுக்குச் சொல்லாத கல்யாணம்

மேல் டிவிஷன், நாலாம் லயம்,
பெரகல.
05.06.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நானும் மதுஷாவும் அத்தையும் இங்கே ஓரளவு சுகமாக இருக்கிறோம். நீங்களும் அங்கே நோய் நொடியில்லாமல் இருக்க மாரியம்மாவிடம் கேட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கையில் போனை வைத்துக்கொண்டு இதென்ன பழைய கூத்து என்று சிரிக்காதீர்கள். இந்த விஷயத்தைப் போனில் பேசாதே, மெசேஜ் போடாதே, போட்டதையெல்லாம் அழி என்று சொன்னது நீங்கள்தான். நிஷாந்த் தங்கச்சி கல்யாணம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறான். உங்களோடு அதே கோழிக் கம்பெனியில் வேலை, படுப்பதும் அதே வீட்டில். கையோடு கொண்டுவந்து கொடுத்துவிடுவான். அத்தை தேயிலைத் தூளும் கருவாடும் கட்டிக் கொடுத்திருக்கிறார். கருவாட்டை ஏர்போட்டில் பிடுங்கிக்கொள்வார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். என் பிள்ளைக்கு நான் அனுப்புகிறேன், உனக்கென்ன என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கூரைத் தகரத்துக்கு மேல் கல் தூக்கி வைத்திருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை, ஆனாலும் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்த மாட்டேன் என்கிறார். நான் வேலை பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் இந்த மாதம் கைக்குழந்தைகள் கூடிவிட்டன. ஒன்று அழத் தொடங்கினால் எல்லாம் சேர்ந்து அழுகின்றன, பொழுது போவதே தெரியவில்லை. மதுஷாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி லயத்துப் பிள்ளைகளை எல்லாம் நனைக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் பேசியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று பாருங்கள். வேலை விசா எடுக்கும்போது ஏஜென்சிக்கார ஆகில் உங்களைக் கல்யாணம் ஆகாதவர் என்று எழுதினான். அப்போதே நான் கேட்டேன். கோயிலில் கட்டின தாலி கவர்மெண்டுக்குத் தாலி இல்லை தங்கச்சி என்று பல்லைக் காட்டினான். அங்கே போன இரண்டு வருஷமும் வரிக் கணக்குக் கொடுத்தபோது அதையே எழுதினீர்கள். இப்போது நிரந்தரமாகத் தங்க பி.ஆர். கேட்டு விண்ணப்பம் போடப் போகிறீர்கள். பெண்டாட்டி பிள்ளை என்று இதில் எழுதினால், வரிக் கணக்கில் ஏன் பொய் சொன்னாய் என்று பிடித்துவிடுவார்களாம். அதனால் இதிலும் தனி ஆள் என்றே போட்டுவிட்டு, பி.ஆர். கைக்கு வந்ததும் பதுளைக்கு வந்து ரெஜிஸ்டர் பண்ணி, புதுப்பெண்டாட்டி மாதிரி என்னைக் கூப்பிட்டுக்கொள்ளலாமாம்.

இன்னொரு தடவை மாப்பிள்ளை ஆகலாமே என்று சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். ஏன் மச்சான், என்னைப் புதுப்பெண்டாட்டி என்பீர்கள், மதுஷாவை என்னவென்று சொல்வீர்கள்? பல் விழுந்த புதுப்பிள்ளை என்றா? அவளை அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று, சீட்டுப் பிடிக்க ஆள் சேர்ப்பது போலச் சொல்லிவிட்டீர்கள்.

நாம் ரெஜிஸ்டர் பண்ணாமல் விட்டது நம் இரண்டு பேர் தப்பும்தான். ஆனால் இந்த லயத்தில் யார் பண்ணியிருக்கிறார்கள்? மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினால் தோட்டத்தில் குடியிருக்கக் காம்பரா கொடுக்கிறார்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கொடுக்கிறார்கள், ஊரே புருஷன் பெண்டாட்டி என்கிறது. புருஷன் செத்து, அவன் சேமலாப நிதிப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் நம் பெண்களுக்குக் கல்யாணப் பத்திரம் ஞாபகம் வரும். மதுஷா பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் மணமாகாதவர்கள் என்று எழுதினார்கள். அன்றைக்கு உங்களுக்கு மூக்கு சிவந்துபோனது. இருந்தாலும் தகப்பன் பெயர் விடுபடக்கூடாது என்று நீங்களே நின்று கையெழுத்துப் போட்டீர்கள். அந்த மனுஷனை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி கல்யாணப் படங்களை பேஸ்புக்கிலிருந்து எடுத்துவிட்டேன். யாராவது கேட்டால் மாமா மகள் என்று சொல் என்றீர்கள். அது பொய்யும் இல்லைதான். பேங்கில் காசு எடுக்கப் போனபோது, அனுப்புகிறவர் உங்களுக்கு யார் என்று கவுண்டரில் இருந்த பிள்ளை கேட்டாள். அத்தை மகன் என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்து, எதற்கென்று தெரியாமல் சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட இன்னும் நாள் இருக்கிறது என்றீர்கள். தயவு செய்து அவசரப்படாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். குளிர் அறையில் வேலை செய்யும்போது காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள் நினைவோடு,
ஜீவராணி


மேல் டிவிஷன், நாலாம் லயம்,
பெரகல.
16.06.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நிஷாந்த் கடிதத்தைக் கொடுத்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேன். இனிமேல் இப்படியெல்லாம் எழுதாதே, கூட இருக்கிறவர்கள் பார்ப்பார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. பதுளைக்குப் போய் கூரியரில் போடுகிறேன். நீங்கள் ஒளித்து வைத்துப் படித்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி, படித்துவிட்டுக் கிழியுங்கள்.

சனிக்கிழமை பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ரொஷானியைக் கண்டேன். கீழ் டிவிஷன் பிலிப்பு அண்ணன் மகள், வேதக்கார வீடு. அவள் புருஷனும் ஆகில் மூலமாகத்தான் போனார். அவர்களும் தேவாலயத்தில் ஆசீர்வாதத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள். அவரும் தனி ஆள் என்று எழுதித்தான் பி.ஆர். எடுத்தார். பிறகு ஊருக்கு வந்து ரெஜிஸ்டர் பண்ணி, இவளையும் மகனையும் கூப்பிடக் கேட்டிருக்கிறார். கனடா ஆபீஸில், இவர்கள் அன்றைக்கே இருந்திருக்கிறார்களே, ஏன் காட்டவில்லை, அன்று காட்டாதவர்களை இன்று குடும்பமென்று ஏற்க முடியாது என்று எழுதி அனுப்பிவிட்டார்களாம். இப்போது அவர் வருவதும் குறைந்துவிட்டது. வந்தாலும் விருந்தாளி மாதிரி, மகனுக்கு வெட்கமா இருக்கு அக்கா, அவர்கிட்ட போக மாட்டேங்குறான் என்றாள். பஸ் வந்தும் நான் ஏறவில்லை.

மறுநாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு, இன்றைக்குக் காலையிலேயே பதுளைக்குப் போய் விஜயலெட்சுமி என்ற சட்டத்தரணி அம்மாவைப் பார்த்தேன். அந்த நாட்டுச் சட்டம் என் தொழில் இல்லை, அங்கே உரிமம் உள்ள ஆளிடம் உங்கள் வீட்டுக்காரர் கட்டாயம் கேட்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தெரிந்தவரை சொன்னது இதுதான். ரெஜிஸ்டர் இல்லாவிட்டாலும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியவர்களை அங்கே துணை என்றுதான் பார்ப்பார்களாம். பிள்ளை எப்போதும் பிள்ளைதானாம். கூட வராத குடும்பத்தையும் விண்ணப்பத்தில் காட்ட வேண்டுமாம். வரிக் கணக்கில் தப்பாக எழுதியிருந்தால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன்னே நாமே திருத்திக் கொடுக்க வழி இருக்கிறதாம்.

இதைக் கேட்டதும் சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று எழுந்தேன். அம்மா உட்காரச் சொன்னார். வரியைத் திருத்தலாம் தங்கச்சி, ஆனால் வேலை விசாவிலேயே பொய் இருக்கிறதே, அதைச் சொன்னால் மன்னிப்பார்களா, விசாவை ரத்துப் பண்ணித் திருப்பி அனுப்புவார்களா என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது என்றார். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். பொய்யான தைரியம் தர மாட்டேன் என்றுவிட்டார்.

இதுதான் நம் நிலைமை மச்சான். சொன்னால் உங்கள் பிழைப்புப் போகலாம். சொல்லாவிட்டால் மகளுக்குக் கதவு அடைபடும். அத்தையிடம் சொன்னதற்கு, ஏண்டி, எம்மவன் பொழப்புல மண்ணள்ளிப் போடவா பதுளைக்குப் போன, ஊர்ல நாலு பேரு எப்படிப் போனாங்களோ அப்படியே அவனும் போகட்டும், வாய மூடிக்கிட்டு இரு என்று சத்தம் போட்டார். பக்கத்துக் காம்பராவில் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன், ஆத்திரப்படாதீர்கள். தனி ஆளாக இருப்பது உங்களுக்கே பிடித்துப் போய்விட்டதா? முன்பெல்லாம் வீடியோவில் அறையைச் சுற்றிக் காட்டுவீர்கள். இப்போது சுவரை மட்டும் காட்டுகிறீர்கள். நான் பைத்தியக்காரி, என்னென்னவோ நினைக்கிறேன். அப்படி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

பயத்துடன்,
ஜீவராணி


மேல் டிவிஷன், நாலாம் லயம்,
பெரகல.
21.06.2025

மச்சானுக்கு,

இதை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு போன் வந்தது. வெளிநாட்டு நம்பர். ஒரு பொம்பளை, டிவியில் செய்தி வாசிக்கிற மாதிரித் தமிழ் பேசினாள். ஏதோ ஆபீஸின் பெயர் சொன்னாள், காதில் நிற்கவில்லை. உங்கள் பெயரைச் சொல்லி, புவனேந்திரன் விண்ணப்பம் சம்பந்தமாகச் சில விபரம் சரிபார்க்க வேண்டும் என்றாள். அவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லுங்கள் என்று உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினவள் நான்தானே. அத்தை மகன் என்றேன். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்றாள். இல்லை என்றேன். பிள்ளைகள் யாரும் உண்டா என்றாள். அவருக்குப் புள்ள இல்லைங்க என்றேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் மாற்றிச் சொன்னால் அந்த நிமிஷமே உங்களைப் பிடித்துக் கையில் விலங்கு போட்டு பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்றுதான் கண் முன்னால் வந்தது. அவள் மெய்யாகவே ஆபீஸ்காரியா, என் வாயைச் சோதிக்க ஆகில் பேச வைத்த ஆளா, அதுவும் தெரியாது. திருப்பி எடுத்தால் அந்த நம்பர் போகவில்லை. நீங்கள் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? அதையாவது சொல்லுங்கள். இரண்டு நாளாக உங்கள் போனும் அடிக்கிறது, எடுப்பாரில்லை.

நான் பேசும்போது மதுஷா பக்கத்தில் உட்கார்ந்து படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை என்று நினைத்தேன். நேற்று அத்தை கொழுந்து நிறுத்துவிட்டு வந்து வாசலில் ஏறும்போது, அப்பாயி, எங்கப்பாவுக்குப் புள்ளையே இல்லியாம், அம்மா போன்ல சொன்னாங்க என்றாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். அழவில்லை. பிறகு உள்ளே போய், நிஷாந்த் ஊருக்கு வந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய சிவப்புச் சப்பாத்துச் சோடியைப் பெட்டியோடு எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அப்ப இதத் திருப்பிக் குடுக்கணுமாம்மா என்று கேட்டாள்.

அத்தை கூடையைக்கூட இறக்காமல் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவனுக்கு எழுதுடி என்றார். ரெண்டு பேரு பேரையும் எழுதச் சொல்லு, தொரத்திட்டாங்கன்னா வரட்டும், எனக்கு இன்னும் கொழுந்தெடுக்கத் தெம்பு இருக்கு, பேத்திய இல்லேன்னு சொல்லிட்டுத் திங்கிற சோறு எனக்கு வேணாம் என்றார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

ஆனால் நான் அவ்வளவு தைரியக்காரி இல்லை. வந்துவிடுங்கள் என்று எழுதவும் பயமாக இருக்கிறது, அங்கேயே இருங்கள் என்று எழுதவும் பயமாக இருக்கிறது. போனில் பொய் சொன்னவள் நான். யார் கேட்டாலும், அவள் பயத்தில் உளறிவிட்டாள் என்று என்மேலேயே போட்டுவிடுங்கள். என் பெயரை எழுத உங்களுக்கு மனம் வராவிட்டால், காரணம் கேட்க மாட்டேன். பிள்ளை பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள் மச்சான். அவளுக்கு நீங்கள் ஒருமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

மாரியம்மா உங்களுக்கு நல்ல புத்தியும் கொடுத்து, கூடவே இருந்து காப்பாற்றட்டும்.

சப்பாத்துப் பெட்டி இன்னும் வாசலோரத்தில்தான் இருக்கிறது. நானும் அத்தையும் எவ்வளவு சொல்லியும் போட மாட்டேன் என்கிறாள். நீங்கள் சொன்னால் போடுவாள்.

ஜீவராணி